உடைந்த சென்சர் எது? ஆல்டோ கார், காலையில் ஸ்டார்ட் ஆவதில் சிரமம், ஃபேன் நிற்காமல் சுழல்கிறது

பனிமூட்டம், நுவரெலியா:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 796 சீசீ எஞ்சின் கொண்ட பெற்றோல் ஆல்டோ. ஒரு மாதமாக இது கொடுக்கும் தொல்லைகளை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதில்தான் விடை இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கரும்புகையும் பெற்றோல் வாடையும் வந்தன. குளிர் காலையில் சற்று வாடை வருவது வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் அது போகவில்லை, பெற்றோல் செலவும் கண்கூடாகக் கூடியது. நகரத்திலுள்ள ஒரு கராஜில் காட்டினேன். அவர்கள் ஸ்கேனரைப் பொருத்தி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டிய இடத்தில் 81 காட்டுகிறது, ஆகவே அதுதான் பழுது என்று சொல்லி, பாவித்த மேப் சென்சர் ஒன்றைப் பொருத்தினார்கள். மாற்றிப் போட்டதும் அதே 81ஐத்தான் காட்டியது. அதுவும் பழுதாக இருக்கலாம், வேறொன்று தேடுவோம் என்றார்கள்.

அங்கிருந்து திரும்பிய நாள் முதல் தொல்லையின் வடிவமே மாறிவிட்டது. கரும்புகை நின்றுவிட்டது. ஆனால் செக் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனவுடனேயே, அது குளிர்ந்திருந்தாலும், ரேடியேற்றர் ஃபேன் சுழலத் தொடங்கி நிற்பதே இல்லை. காலையில் ஐந்தாறு தடவை சாவியைத் திருப்பினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பாடசாலை விட்டு மதியம் எடுக்கும்போது ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

சனிக்கிழமை காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தேன். தடித்த ரப்பர் குழாய் ஒன்று எஞ்சினோடு சேரும் உலோகக் கூட்டுக்குப் பக்கத்தில், இரண்டு வயர்கள் கொண்ட ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் உடைந்த பிளாஸ்டிக் துண்டொன்று இறுகிக் கிடக்கிறது. கூட்டிலோ பித்தளையாலான அறுகோணத் தலை ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் நடுவில், பல் விழுந்த ஈறு போல ஒரு குழி. அந்தத் தலையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்தாற்போல் ஏதோ காய்ந்திருக்கிறது.

இது என்ன சென்சர்? கராஜில் கை பட்டு உடைந்திருக்குமா, அல்லது தானாகவே உடைந்திருக்குமா? மேப் சென்சரை மாற்றியது அவசியம்தானா? என்னிடம் ஒரு மல்டிமீற்றரும், கைபேசியோடு இணையும் சிறு ஸ்கேனரும், வீட்டு வேலைக்கான ஸ்பானர்களும் உள்ளன. நானே மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.


பழைய பாஸ், ஹட்டன்:

சேர், நீங்கள் வரிசைப்படி எழுதியதால் பாதி வேலை முடிந்துவிட்டது. தொங்குவது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சரின் பிளக். அதே பகுதியில் ஒரே வயருடன் இன்னொன்று இருந்தால் அது டாஷ்போர்டில் உள்ள சூட்டு முள்ளுக்கானது. இரண்டு வயர் உள்ளதுதான் எஞ்சின் கணினிக்குத் தகவல் சொல்வது. மேப் சென்சருக்கு மூன்று வயர்கள் இருக்கும், அது கூலன்ட் ஓடும் இடத்தில் இருக்கவும் இருக்காது. தலையைச் சுற்றிய வெள்ளைப் படிவு, பல நாளாக மெல்லக் கசிந்து காய்ந்த கூலன்ட்.

அந்தப் பித்தளைக்குள் இருப்பது வெப்பம் கூடக் கூட மின்தடை குறைகிற ஒரு சிறு பொருள், அவ்வளவுதான். யப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் 20 பாகையில் இரண்டரை கிலோ ஓம் அளவிலும், 80 பாகையில் 0.32 கிலோ ஓம் அளவிலும் இருக்கும். கணினி அந்தத் தடையை வைத்து எஞ்சின் எவ்வளவு சூடு என்று கணித்து, அதற்கேற்பப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு அதிகம் வேண்டும், சூடான எஞ்சினுக்குக் குறைவாகப் போதும்.

இப்போது உங்கள் இரண்டு கட்டங்களையும் பாருங்கள். முதல் கட்டத்தில் சென்சர் சாகவில்லை, பொய் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே இணைப்பு அரித்துத் தடை கூடியதால், எஞ்சின் 80 பாகையில் இருக்கும்போதும் 30 பாகை என்று சொல்லியிருக்கும். கணினியும் அதை நம்பி அளவுக்கு மேல் பெற்றோலை ஊற்றியிருக்கும். கரும்புகையும் வாடையும் அப்படி வந்தவைதான். சொல்லும் எண் நடக்கக்கூடிய எண்ணாக இருப்பதால், பல சமயம் விளக்கும் எரியாது. இரண்டாம் கட்டத்தில் அது உடைந்து முற்றாக அறுந்துவிட்டது. அறுந்த இணைப்பு கணினிக்குக் கழித்தல் 40 பாகை போலத் தெரியும். நம் நாட்டில் மட்டுமல்ல, எங்குமே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அப்படி இருக்காது என்பதால், கணினி அதை நம்பாமல் விளக்கை எரியவிட்டு, எஞ்சின் சூடாக இருப்பதாகத் தானே வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் போட்டுவிடும். எஞ்சின் சூடு என்று நினைக்கிற கணினி, நுவரெலியாக் குளிரில் காலையில் கொடுக்க வேண்டிய கூடுதல் பெற்றோலைக் கொடுக்குமா? அதனால்தான் காலையில் ஐந்தாறு திருப்பு, மதியம் ஒன்று.

ஸ்கேனரில் பி0118 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இந்த இணைப்பு அறுந்திருப்பதைக் குறிப்பது. பிறகு, பிளக்கில் சிக்கிய துண்டை எடுத்துவிட்டு, சாவியைத் திருப்பி, பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் அளவைப் பாருங்கள். 5 வோல்டுக்கு அண்மையில் இருந்தால் கணினியிலிருந்து வரும் வயர்கள் நலம். சிறு வயரொன்றால் அந்த இரு முனைகளையும் ஒரு கணம் இணைத்தால், ஸ்கேனரில் கூலன்ட் சூடு ஒரேயடியாக நூற்றுப்பத்தைத் தாண்டிப் பாய வேண்டும். சில வாகனங்களில் ஸ்கேனர் உண்மை எண்ணைக் காட்டாமல் கணினி தானாக எடுத்துக்கொண்ட எண்ணையே காட்டும். அப்படியானால் மல்டிமீற்றரை நம்புங்கள்.

யார் உடைத்தார்கள் என்ற கேள்விக்கு, பார்க்காமல் ஒருவரைக் குற்றம் சொல்வது முறையல்ல. பல வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் பிஸ்கட்டைப் போல ஆகிவிடும். பக்கத்து வயரை விலக்கினாலே போதும்.


வெலிமடைக் கிழங்கு:

இதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? எனக்கும் இதே பழுது வந்தபோது, தெரிந்த ஒருவர் அந்தப் பிளக்கில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி ரேப் சுற்றிவிட்டார். விளக்கும் அணைந்தது, ஃபேனும் நின்றது. இரண்டு மாதமாக வண்டி ஓடுகிறது. பித்தளைத் தலை இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கட்டும். கசிவு பெரிதாக இல்லைதானே.


ஊவாக்காற்று, பண்டாரவளை:

வெலிமடை அண்ணன் மனம் நோகாமல் ஒன்று சொல்ல வேண்டும். 330 ஓம் என்றால் கணினிக்கு எஞ்சின் எப்போதும் 80 பாகையில் இருப்பதாக அர்த்தம். சென்சர் அறுந்து கிடந்தபோதாவது கணினிக்கு அது பழுதென்று தெரிந்திருந்தது, ஃபேன் சுழன்றது. இப்போது அது பழுதே இல்லை என்று நம்புகிறது. கம்பளையிலிருந்து ரம்பொடை ஏற்றத்தில் நான்கு பேரோடு இரண்டாம் கியரில் ஏறும்போது கூலன்ட் உண்மையில் 110 பாகைக்குப் போனாலும் கணினிக்கு 80தான், ஃபேன் சுழலாது. முள்ளுக்கான ஒரு வயர் சென்சர் தனியாக இருந்தால் முள் ஏறுவதை நீங்கள் கவனித்து நிறுத்தலாம். கவனிக்காவிட்டால் எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்பான ஹெட் கஸ்கட் போய்விடும். சென்சரின் விலைக்கும் அந்த வேலையின் செலவுக்கும் உள்ள தூரத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். தயவுசெய்து அதைக் கழற்றுங்கள்.

நான் எழுத வந்தது 81 என்ற எண்ணைப் பற்றி. அந்தக் கராஜில் செய்த பிழை, கொழும்பிலிருந்து பார்த்தால் பிழையே அல்ல. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திரும்பியிருக்கும்போது, மேப் சென்சர் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல். கைநூல்களில் எழுதியிருப்பதும் பெரும்பாலும் அதுவே. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 81 கிலோபாஸ்கல்தான் இருக்கும். ஹட்டனில் 87 அளவில் இருக்கும், கண்டியில் 95, 96. ஆகவே நுவரெலியாவில் நிறுத்தி வைத்த வாகனம் 101 காட்டினால்தான் அந்தச் சென்சரைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு சென்சர்கள் ஒரே எண்ணைச் சொன்னபோது, இரண்டும் பழுது என்று முடிவு செய்ததைவிட, இரண்டும் சரி என்று நினைத்துப் பார்த்திருக்கலாம். பழைய மேப் சென்சரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறீர்களா?

புதிய கூலன்ட் சென்சரைப் பொருத்துவதற்கு முன் சமையலறையில் சோதித்துவிடுங்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், பெட்டி புதிது என்பதற்காக உள்ளே இருப்பது சரியென்று கொள்ள வேண்டாம். முனை மட்டும் நனையும்படி சுடுநீரில் பிடித்து, மின்தடையைப் பாருங்கள். 60 பாகையில் 0.58 கிலோ ஓம் அளவுக்கு வர வேண்டும். கொதிக்கும் நீரை 100 பாகை என்று கணக்கில் எடுத்துவிடாதீர்கள். அழுத்தம் 81 ஆக இருக்கும் உங்கள் ஊரில் நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவதும் இதே காரணத்தால்தான்.


பனிமூட்டம், நுவரெலியா:

மிக்க நன்றி. பி0118 என்றுதான் காட்டுகிறது. பிளக்கில் 4.9 வோல்ட் இருக்கிறது. இரு முனைகளையும் இணைத்தபோது ஸ்கேனரில் எண் பாய்ந்ததைப் பார்த்தேன். பழைய மேப் சென்சரை ஒரு கடதாசியில் சுற்றித் தந்திருந்தார்கள், கையில் இருக்கிறது. விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கே 81ஐப் பார்த்தவுடன் உயரம் நினைவுக்கு வராமல் போனதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சென்சரை உள்ளூர்க் கடையில் வாங்கிவிட்டேன். பிளக்கில் பூட்டும் நாக்கு உடைந்திருப்பதால், வயர் வாலோடு பாவித்த பிளக் ஒன்றும் கிடைத்தது. இனி எனக்குள்ள பயம், பிளாஸ்டிக் போய்விட்ட அந்தப் பித்தளைத் தலையைக் கழற்றுவதுதான். உள்ளே துண்டுகள் விழுந்து கூலன்ட் ஓடும் வழியில் போய்விடுமா? அது அலுமினியக் கூட்டோடு ஒட்டிப்போயிருந்தால் என்ன செய்வது?


பழைய பாஸ், ஹட்டன்:

துண்டு உள்ளே விழாது, சேர். பித்தளையின் அடிமுனை மூடியது. உடைந்தது கூலன்டுக்கு வெளியே உள்ள பாகம் மட்டுமே. உண்மையில் பிளாஸ்டிக் போனது ஒரு வசதி, சொக்கட் தடையில்லாமல் இறங்கும்.

வேலைக்கு முதல்நாள் மாலையில், தலையின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் சில துளிகள் விட்டு வையுங்கள். மறுநாள் காலையில், எஞ்சின் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்கும்போதுதான் கை வைக்க வேண்டும். சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கூலன்ட் முகத்தில் அடிக்கும். அதில் விளையாட்டு வேண்டாம். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, மூடியை ஒரு தடவை திறந்து அழுத்தத்தைப் போக்கி, மீண்டும் மூடிவிடுங்கள். மூடியிருந்தால் சென்சரைக் கழற்றும்போது கூலன்ட் ஒழுகுவது குறையும்.

தலையின் அளவு பெரும்பாலும் 19 மில்லிமீற்றர். பொருத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள். பன்னிரண்டு முனைச் சொக்கட் வேண்டாம், பித்தளை மென்மையானது, மூலைகள் மழுங்கிவிடும். ஆறு முனையுள்ள நீளச் சொக்கட்டை முழுவதும் இறக்கி, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அந்தச் சிறு அசைவில்தான் ஒட்டிப்போன மரை விடும். பைப் ரெஞ்சையோ சுத்தியலையோ கிட்டக் கொண்டுவர வேண்டாம். தலை போனால் வேறு சென்சர் வாங்கலாம், அலுமினியக் கூட்டின் மரை போனால் கூட்டையே மாற்ற வேண்டிவரும். உங்கள் பலத்துக்கு அசையாவிட்டால் அங்கேயே நிறுத்தி, ஒரு கராஜ் பாஸிடம் கொண்டுபோங்கள்.

புதியதை வோஷரோடு பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, பழையது வெளியே வந்ததும் துளையை விரலால் மூடி, உடனே புதியதைக் கையாலேயே மரையில் ஏற்றுங்கள். இப்படிச் செய்தால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு கூலன்டுக்கு மேல் போகாது. ஒழுகியதைத் துணியால் துடைத்து அப்புறப்படுத்துங்கள். அது இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அதில் நஞ்சு உண்டு. இறுக்குவதற்கு 15 நியூட்டன் மீற்றர் போதும், அதாவது ஒரு சாண் கைப்பிடியில் மணிக்கட்டுப் பலம். இது சில்லு நட் அல்ல. மரையில் வெள்ளை ரேப் சுற்றலாமா என்று கேட்பார்கள். இரண்டு வயர் சென்சருக்கு எர்த் தனி வயரில் போவதால் மின்சாரத்துக்குக் கேடில்லை, ஆனால் வோஷர் புதிதாக இருந்தால் தேவையும் இல்லை. ஒரு வயர் சென்சரில் அதைச் சுற்றினால் முள் தவறாகக் காட்டும்.

பிளக் வயர்களில் எது எதனோடு சேர வேண்டும் என்று குழம்ப வேண்டாம். இந்தச் சென்சருக்குப் பக்கம் இல்லை, எப்படி இணைத்தாலும் சரி. ஆனால் முறுக்கி ரேப் ஒட்டி விடாதீர்கள். நம் பக்கத்துப் பனி அந்த ரேப்புக்குள் புகுந்து, ஆறு மாதத்தில் செம்பு பச்சையாகி, தடை கூடி, முதல் கட்டத்துக் கரும்புகை திரும்பவும் வரும். ஈயம் வைத்துப் பற்றி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். குழாயை ஈயம் வைக்கும் முன்பே வயரில் கோத்துவிட மறக்க வேண்டாம். இருபது வருட அனுபவத்துக்குப் பிறகும் நான் அதை மறப்பதுண்டு.

கடைசியாகக் காற்று. கூலன்டை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் இருந்தால் அதையும் முழுச் சூட்டில் வைத்து, குமிழிகள் நிற்கும்வரை பார்த்து, குறையும்போது சேர்த்து, பிறகு மூடுங்கள். சென்சரின் முனையில் காற்றுப் பை நின்றுவிட்டால், அது கூலன்டைத் தொடாமல் மறுபடியும் பொய் சொல்லத் தொடங்கும்.


பனிமூட்டம், நுவரெலியா:

வேலை முடிந்தது, பின்னால் வருபவர்களுக்கு உதவட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறேன்.

பாடசாலை ஆய்வுகூடத்து வெப்பமானியோடு சமையலறையில் சோதித்தேன். காலையில் 14 பாகையில் புதிய சென்சர் 3.1 கிலோ ஓம், கொதிநீரில் 0.22. வெப்பமானி 94ஐத் தாண்ட மறுத்ததை என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, புத்தகத்தில் 100 என்றுதானே இருக்கிறது என்று கேட்டாள். அதற்கு விளக்கம் சொல்லியதில் தேநீர் ஆறிவிட்டது.

பித்தளைத் தலை, பாஸ் அண்ணன் சொன்னபடி இறுக்கும் பக்கம் அசைத்தபோது டிக் என்று ஒரு சத்தம் கொடுத்து விட்டது. முதலில் சென்சர்தான் முறிந்துவிட்டது என்று நினைத்து நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது, ஆனால் மரைதான் இளகியிருந்தது. கழற்றிப் பார்த்தால், குழிக்குள் மிஞ்சியிருந்த ஒரு பின் முழுக்கப் பச்சையாக அரித்து, ஊசி அளவுக்கு மெலிந்திருந்தது. உடைவதற்கு வெகு முன்பே பழுது தொடங்கிவிட்டது என்பது அதைப் பார்த்ததும் விளங்கியது. ஆகவே கராஜ்காரர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மேப் சென்சர் விடயத்தில் உள்ள மறுபாதி இருக்கட்டும்.

மறுநாள் காலையில் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. ஃபேன் எஞ்சின் சூடேறிய பிறகே சுழன்று, சிறிது நேரத்தில் நின்றது. குறியீட்டை நான் அழிக்கவில்லை. மூன்று தடவை ஓடியபின் விளக்கு தானாகவே அணைந்துவிட்டது.

பழைய மேப் சென்சரையே திரும்பப் பொருத்திக்கொண்டு, ஞாயிறன்று கண்டிக்குப் போனேன். வழியில் எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்ததில், வீட்டு வாசலில் 81, ரம்பொடையில் 90, கம்பளையில் 96.


வெலிமடைக் கிழங்கு:

ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டேன். வயர் வாலோடு அந்தப் பிளக்கை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று தனிச்செய்தியில் சொன்னால் நன்றி.